மூன்று சக்கர வண்டிக்கு ஐம்பத்திரண்டு படி

டொரொன்டோ
12.01.2003

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி அழகன் எழுதுவது. இங்கே நானும் ஊர்மிளாவும் பிள்ளை கஜனியும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சானுக்கு இருமல் விட்டதா? இந்தப் பனியில் அவரை மலையிலிருந்து கொட்டுகிற பீலித் தண்ணீரில் குளிக்க விடாதீர்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் ஒரு அதட்டல் போட்டால் கேட்பார்.

முதலில் நல்ல சேதி. பதினொரு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறோம். ஆகஸ்ட் கடைசியில். கஜனிக்கு அப்போது பதினோராம் மாதம் நடக்கும். அவளுடைய முதல் முடியை நம் மேல் லயத்து மாரியம்மனுக்குத்தான் இறக்குவேன் என்று அவள் பிறந்த அன்றே சொல்லிவிட்டேன். ஊர்மிளா யாழ்ப்பாணத்துப் பிள்ளையாக இருந்தாலும் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போது ஒரு வில்லங்கம். பிள்ளையை வைத்துத் தள்ளுகிற வண்டி ஒன்று வாங்க வேண்டும். போன சனிக்கிழமை கடைக்குப் போனோம். அக்கா, நம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் அளவுக்கு ஒரு கடை, முழுக்கப் பிள்ளை வண்டி! குடை மாதிரி மடங்குவது, குட்டிச் சக்கரம் நாலு வைத்தது, இரட்டைப் பிள்ளைக்கு இரண்டு சீட் வைத்தது. ஒரு மூலையில் மட்டும் தனி வரிசை. மூன்று சக்கரம், சைக்கிள் போலக் காற்றடித்த டயர். ‘கல்லிலும் சேற்றிலும் போகும், சுறுசுறுப்பான குடும்பங்களுக்கு ஏற்றது’ என்று பலகை தொங்கியது. விற்கிற பெண் என்னைப் பார்த்து, காலையில் ஓடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டாள். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்தினால் கங்காணிக்குப் பயந்து ஓடியிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஊர்மிளா சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டாள்.

இந்த ஊர் ரோட்டில் எந்த வண்டியும் ஓடும். நம் லயத்து வரிசை வீட்டுக்கு எது ஏறும் என்பதுதான் என் கவலை. மெயின் ரோட்டில் பஸ் இறங்கினால் நம் வாசல்வரைக்கும் பாதை எப்படி என்று அளந்து எழுதுங்கள். பலகைப் பாலம் எத்தனை அடி அகலம்? படி ஐம்பதா, ஐம்பத்திரண்டா? வண்டி தூக்க வேண்டி வரும் என்று நல்லமுத்துவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும்போது என்னை உப்பு மூட்டை தூக்கிய பயல், என் பிள்ளையின் வண்டியைத் தூக்கமாட்டானா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி அழகன்

பூண்டுலோயா
04.02.2003

அன்புள்ள தம்பி அழகனுக்கு,

அக்கா மீனம்மா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்து நானும் உன் மச்சான் பழனியாண்டியும் ஆளுக்கு இரண்டு முறை வாசித்தோம். எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மழை வரும்போது மட்டும் வானிலை அறிக்கை சொல்லும். கஜனிக்குத் தலை நின்றுவிட்டதா? பால் குடித்ததும் முதுகில் தட்டுகிறீர்களா? தட்டச் சொல்.

பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளுவதாம்! என்னடா கூத்து இது? நான் பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருக்கிறேன். தாய்மார் கொழுந்தெடுத்து வரும்வரைக்கும் பாதித் தோட்டத்தை இந்த இடுப்பில் வைத்துத்தான் வளர்த்தேன். இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு நம் சூடு தெரியும். வண்டியில் இருக்கிறதுக்கு என்ன தெரியும்? சரி, நீ கனடாக்காரன். கேட்டாய், எழுதுகிறேன்.

பஸ் இறங்கினால் நூறு எட்டு எடுத்துவைக்கிற தூரம் கல் ரோடு. அதற்குப் பிறகு பலகைப் பாலம், அகலம் இரண்டரை அடி. பாலம் தாண்டினால் வலது கைப்பக்கம் பிள்ளைக் காம்பரா. அதற்குப் பிறகு படி. ஐம்பத்திரண்டுதான், ஐம்பது இல்லை. படிக்கதை உன் பெண்சாதிக்குத் தெரியாது, இதை அவளுக்கு வாசித்துக் காட்டு.

முன்னே அது வெறும் மண் சரிவு. நம் அம்மா காலத்தில் ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு பெரட்டுக்கு ஓடி வழுக்கி விழுந்தாள். பிள்ளைக்குக் கை முறிந்துபோனது. அன்றைக்கு லயத்து ஆம்பிளைகள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முப்பதாம் நாள் அப்பன்காரன் ஆற்றிலிருந்து ஒரு கல் சுமந்து வந்து ஒரு படி வைக்க வேண்டும். அப்படி ஏறி ஏறி ஐம்பத்திரண்டாம் பிள்ளைக்கு வாசல் வந்துவிட்டது. என் படி இருபத்துநாலு. உன்னுடையது முப்பத்தேழு. அதே மாதம் பிறந்த நல்லமுத்துவுடையது முப்பத்தெட்டு. உன் கல்லில்தானே நீ முன்பல்லை உடைத்துக்கொண்டாய்.

ஒன்று சொல்ல மறந்தேன். இனிமேல் கடிதத்தை மர்சூக் நானா கடை விலாசத்துக்கே போடு. தோட்டத்து ஆபீஸில் தபால் சுணங்குகிறது.

மூன்று பேருக்கும் என் அன்பு. பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடவும்.
அக்கா மீனம்மா

டொரொன்டோ
25.02.2003

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டேன். வெளியே முழங்கால் அளவு பனி, எனக்கு ஸ்டோரில் தேயிலை வறுபடுகிற வாசம் அடித்தது. பைத்தியக்காரத்தனம்தான். நாங்கள் எல்லாரும் சுகம். கஜனிக்குத் தலை நின்றுவிட்டது. தட்டச் சொன்னதை ஊர்மிளா தவறாமல் செய்கிறாள்.

வண்டி விஷயம் இன்னும் முடிவாகவில்லை. முன் சக்கரம் திரும்புகிற வண்டி ஒன்று, திரும்பாமல் நேரே மட்டும் போகிற வண்டி ஒன்று. திரும்புகிறது வளைவுக்கு நல்லது, கரடுமுரடில் ஆடும். நேரே போகிறது கல்லில் உறுதியாக நிற்கும், வளைக்க வேண்டுமென்றால் பின்னால் அமுக்கித் தூக்க வேண்டும். ஆகவே படி எங்கே வளைகிறது என்று தெரிய வேண்டும். எந்தப் படி அகலம், எது ஆடும், எதில் பாசி பிடித்திருக்கும் என்று கல் கல்லாக எழுதுங்கள். எந்தப் படி யாருடையது என்பதையும் சேர்த்து எழுதினால் எனக்கு விளங்க லேசாக இருக்கும்.

நல்லமுத்து என்ன செய்கிறான்? போன தீபாவளிக்கு அவனுக்கும் அவன் பெண்சாதி வேலாயிக்கும் ஒரு வாழ்த்து அட்டை போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. சோம்பேறிப் பயல். வண்டி தூக்குகிற விஷயத்தைச் சொன்னீர்களா?

மச்சானின் இருமலைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. மறக்காமல் எழுதவும்.
தம்பி அழகன்

16.03.2003
(இந்தக் கடிதம் அப்போது தபாலில் போடப்படவில்லை.)

அன்புள்ள தம்பி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மேல் லயம் இல்லையடா.

போன நவம்பர் பதினெட்டாம் தேதி மலை இறங்கிவிட்டது. அதற்கு முன்னே ஒன்பது நாள் அடைமழை. பகல் பதினொரு மணி, ஆட்கள் எல்லாம் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். நான் பிள்ளைக் காம்பராவில் பதினாலு பிள்ளைகளோடு இருந்தேன். நல்லமுத்துக்கு அன்றைக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. லயத்துச் சுவர் வெடிக்கிறதைப் பார்த்து, வீட்டில் கிடந்த வயசாளிகள் ஐந்து பேரையும் அவன்தான் ஒவ்வொருவராகப் படியில் இறக்கி என்னிடம் கொண்டுவந்து விட்டான். பிறகு திரும்பி ஓடினான். “எங்கடா போற?” என்று கத்தினேன். “வேலாயியோட மாடு கட்டிக் கெடக்குதுக்கா, அவுத்து விட்டுட்டு வந்துர்றேன்” என்றான்.

பெரிய லாரி வருகிற சத்தம் கேட்டது. நம் பாதையில் ஏது லாரி என்று எட்டிப் பார்த்தேன். சவுக்கு மரங்கள் நின்ற வாக்கிலேயே நடந்து வந்தன. லயம், கோயில், படி, பாலம் எல்லாம் இரண்டு நிமிஷம். பிள்ளைக் காம்பராவை விட்டு ஒரு பக்கமாகப் போன மண் இருபது அடி தள்ளி நின்றது. பதினாலு பிள்ளைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. நல்லமுத்துவை மூன்று நாள் தோண்டினார்கள். கிடைக்கவில்லை.

அப்போது உனக்குப் பிள்ளை பிறந்து ஆறு கிழமை. ஊர்மிளாவுக்கு ஆபரேஷன் காயம் ஆறவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். ‘மேல் லயம்’ என்று விலாசம் எழுத முடியாது, புது விலாசம் எழுதினால் ஏன் என்று கேட்பாய். அதற்குத்தான் மர்சூக் நானா கடை.

இப்போது நீ வருகிறேன் என்கிறாய். லயம் இல்லை, கோயில் இல்லை, உன் கூட்டாளியும் இல்லை. எனக்காக மட்டும் அவ்வளவு தூரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாயா? சொன்னால் நீ வராமல் போய்விடுவாய் என்று பயமாக இருக்கிறது, தம்பி.

பூண்டுலோயா
19.03.2003

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் அன்பு. மச்சானுக்கு இருமல் குறைந்துவிட்டது. சுருட்டை விட்டால் முழுதாக நிற்கும், விடமாட்டார். கஜனியின் படம் கிடைத்தது. மூக்கு நம் அப்பாவுடையது, அந்தப் பிடிவாத வாய் உன்னுடையது.

கல் கல்லாகக் கேட்டாய். கண்ணை மூடிக்கொண்டு ஏறிக்கொண்டே எழுதுகிறேன். முதல் ஆறு படியும் சேர்ந்தாற்போல அகலம். ஏழாவது எப்போதும் ஈரம், பக்கத்துத் தண்ணீர்க் கானிலிருந்து கசியும். பதினொன்று ஆடும், இடது காலை வைத்தால் ‘டொக்’ என்று சொல்லும். அம்மா வேலை முடிந்து வருகிறாள் என்று அந்தச் சத்தத்தில்தானே நமக்குத் தெரியும். பத்தொன்பதில் வளைவு. அங்கே உன் வண்டியை மூச்சுப் பிடித்துத் தூக்கித்தான் ஆக வேண்டும். இருபத்துநாலு என் கல், கொஞ்சம் சரிவு. அப்பாவுக்கு முதல் பிள்ளை, அவசரத்தில் எதையோ பொறுக்கி வந்துவிட்டார். உனக்கு வைத்தது நல்ல தட்டைக் கல், அம்மி மாதிரி. ஆம்பிளைப் பிள்ளை என்றதும் தேடித் தேடி எடுத்திருக்கிறார், இந்த வயசிலும் எனக்கு அது பொறாமைதான்.

முப்பத்தெட்டில் கொய்யா மரத்து நிழல். அதற்கு மேலே நாற்பத்தைந்து வரைக்கும் குத்தேற்றம். அங்கே நின்று திரும்பினால் கீழே ஸ்டோர் கூரையும் பனிக்குள்ளே பஸ் லைட்டும் தெரியும். பனி விலகினால் எதிர் மலையில் தேயிலை கவ்வாத்து வெட்டின இடம் தெரியும். ஐம்பத்திரண்டில் நம் இஸ்தோப்புத் திண்ணை. பாலம் மூன்று அடி, வண்டி தாராளமாகப் போகும்.

நல்லமுத்து எங்கேயும் போகவில்லை, லயத்தோடுதான் இருக்கிறான். அவனுக்குக் கடிதம் எழுத வராது என்று உனக்குத் தெரியாதா?

பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.
அக்கா மீனம்மா

டொரொன்டோ
10.04.2003

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். கஜனி குப்புற விழுந்து, கையை ஊன்றி எங்களை முறைத்துப் பார்க்கிறாள். உங்கள் கடிதத்தில் பதினோராம் படியை வாசித்ததும் வாய்விட்டு ‘டொக்’ என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் எழும்பி வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

வண்டி பற்றி இன்னும் சில சந்தேகம். ஒன்றுக்குக் கையில் பிடிக்கிற பிரேக் இருக்கிறது, இன்னொன்றுக்குக் காலால் மிதிக்கிற பிரேக் மட்டும்தான். பத்தொன்பதாம் படி வளைவில் ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்க இடம் இருக்கிறதா? வண்டி பன்னிரண்டு கிலோ, பிள்ளை எட்டுக் கிலோ என்று வைத்தாலும் நானும் நல்லமுத்துவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் போதும். முதல் கடிதத்தில் பாலம் இரண்டரை அடி என்று எழுதினீர்கள், இரண்டாவதில் மூன்று அடி. எது சரி? மச்சானிடம் ஒரு நூல் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

கீழே ஊர்மிளா எழுதுகிறாள்.
தம்பி அழகன்

மச்சாள், நான் ஊர்மிளா எழுதுறன். எங்கட ஊரில புருசன்ர அக்காவை இப்பிடித்தான் கூப்பிடுறது, குறை நினையாதேங்கோ. இவர் உங்கட கடிதங்களைச் சட்டைப் பையில வைச்சுக்கொண்டு திரியிறார். எனக்கு இப்ப கண்ணைக் கட்டிவிட்டாலும் உங்கட படியில ஏறுவன். வண்டி வந்தாலென்ன வராட்டிலென்ன, பிள்ளையை உங்கட இடுப்பில ஒருக்காத் தந்திட வேணும் எண்டு ஆசையா இருக்கு.

டொரொன்டோ
30.05.2003

மதிப்புக்குரிய மர்சூக் நானாவுக்கு,

பழனியாண்டி மச்சானின் மைத்துனன் அழகன் எழுதுவது. நீங்களும் உங்கள் மனைவி ஆயிஷா தாத்தாவும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். சின்ன வயசில் உங்கள் கடை வாசலில் வெல்லக் கட்டிக்குக் காத்து நின்ற ஞாபகம் இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் மாதம் அக்காவுக்குக் கடிதம் போட்டேன், ஏழு கிழமையாகப் பதில் இல்லை. அக்கா இப்படி இருக்கிற ஆள் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுதுங்கள். இன்னொரு சின்ன உதவி. கடைப் பையன் யாராவது மேல் லயத்துப் பக்கம் போனால் அந்தப் பலகைப் பாலத்தின் அகலத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளை வண்டி போகுமா என்று தெரிய வேண்டும்.

தங்கள்
அழகன்

பூண்டுலோயா
14.06.2003

அன்புள்ள தம்பி அழகனுக்கு,

மர்சூக் நானா எழுதுவது. அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் நலம். உங்கள் அக்கா நல்ல சுகமாக இருக்கிறார். உங்கள் ஏப்ரல் கடிதத்தை வந்த அன்றே அவர் கையில் கொடுத்தேன். கடை மூலையில் மா மூட்டையில் உட்கார்ந்து வாசித்தார். கீழே உங்கள் மனைவி எழுதியதை வாசித்து அழுதார். நான் தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்காமல் எழும்பிப் போனார்.

தம்பி, பாலத்தை அளக்க ஆள் அனுப்ப முடியாது. பாலம் இல்லை. நவம்பர் மாத மழையில் மலை இறங்கி மேல் லயம் முழுவதும் போய்விட்டது. உங்கள் கூட்டாளி நல்லமுத்துவும் போய்விட்டார். உங்கள் அக்காவும் மச்சானும் இப்போது பழைய ஸ்டோரில் இருக்கிறார்கள். “நானா, தம்பிக்கு நான்தான் சொல்லணும், நீங்க சொல்லிறாதீங்க” என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். நீங்கள் நேரே கேட்ட பிறகு பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

வஸ்ஸலாம்.
மர்சூக்

டொரொன்டோ
01.07.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். கஜனி தவழ்கிறாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலம் எத்தனை அடி என்று இனி அளக்க வேண்டாம். படி பற்றியும் நான் இனிக் கேட்கமாட்டேன். டிக்கெட் போட்டாச்சு, ஆகஸ்ட் இருபத்தெட்டு கொழும்பில் இறங்குகிறோம், மறுநாள் பூண்டுலோயா. பாதை எப்படி இருந்தாலும் வருவேன். பாதை இல்லாவிட்டாலும் வருவேன். வண்டி போகாத இடத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அதுதான் எனக்கு வாசல்.

தம்பி அழகன்

பூண்டுலோயா
18.07.2003

அன்புள்ள தம்பி அழகனுக்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் விளங்கிவிட்டது. மர்சூக் நானா ஒரு மாதமாக என்னைக் கண்டால் என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். நான் அவரைத் திட்டவில்லை. திட்ட வேண்டியது என்னைத்தான்.

மார்ச் மாதம் எழுதிப் போடாமல் வைத்திருந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசி, பிறகு இதை வாசி.

படியெல்லாம் பொய்யில்லை, தம்பி. பாலம் மட்டும்தான் பிசகு. சின்ன வயசுப் பாலம் இரண்டரை அடி, பிறகு பலகை மாற்றி மூன்று அடியாக்கினார்கள். ஞாபகத்தில் இரண்டும் கலந்துவிட்டது. உனக்கு எழுத உட்காருகிற ஒவ்வொரு முறையும் லயம் திரும்பி வந்தது. பதினோராவது ‘டொக்’ என்றது. அதற்காகவே எழுதினேன் போல. ஏப்ரல் கடிதத்தில் நீ நல்லமுத்துவைக் கூட்டிக்கொண்டு வண்டி தூக்கினாய், அதற்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை. அவன் பெண்சாதி அடுத்த காம்பராவில் படுத்திருக்கும்போது நான் எப்படி எழுதுவேன்?

நீ வண்டிக்குப் பாதை கேட்டாயே, இப்போது இருக்கிற பாதையைச் சொல்கிறேன். மூங்கில் கம்பை வைத்து அளந்தேன், இந்த முறை எல்லாம் நிசம். பழைய ஸ்டோரின் கீழ்த்தட்டைத் தகரத்தால் தடுத்து ஏழு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு முதல் காம்பரா. ரோட்டிலிருந்து வாசலுக்கு முப்பது எட்டு நடைதான். கொழுந்து லாரி திரும்புகிற சீமெந்துத் தரை, அகலம் பதினெட்டு அடி. ஒரு படி கிடையாது. உன் வண்டிக்கு மூன்று சக்கரம் என்ன, குட்டிச் சக்கரம் வைத்ததே போதும். ஐம்பத்திரண்டு படியில் ஏறாத வண்டி இப்போது வழுக்கிக்கொண்டு வரும். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறதடா.

கோயிலில் சூலம் மட்டும் கிடைத்தது. ஸ்டோர் வாசலில் சவுக்கு மரத்தடியில் நட்டிருக்கிறோம். முடியை அங்கே இறக்கலாம், அம்மன் கோபிக்கமாட்டாள். அவளும் நம்மைப் போலத் தப்பி வந்தவள்தானே.

என்னை மன்னித்துக்கொள். ஊர்மிளாவிடமும் சொல்லு.
அக்கா மீனம்மா

டொரொன்டோ
31.07.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதத்தையும் நீங்கள் சொன்ன வரிசையில் வாசித்தேன். வேலைக்குப் போகவில்லை. நல்லமுத்துவைச் சோம்பேறிப் பயல் என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் அட்டையைத் தபாலில் போட்டு இரண்டு கிழமையில் அவன் போயிருக்கிறான், நானோ அவன் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனான் என்பதை வாசித்ததும் நம்பிவிட்டேன். அவன் அப்படித்தான் போவான். ஊர்மிளா பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு பக்கத்தில் இருந்தாள்.

எனக்காக மட்டும் வருவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கலாமா, அக்கா? அம்மா மலையில் இருந்த நேரமெல்லாம் என்னை இடுப்பில் வைத்திருந்தது நீங்கள். பதினொரு வருடமாக நான் ஊர் என்று நினைத்தது உங்களைத்தான்.

மன்னிப்பு நீங்கள் மட்டும் கேட்க வேண்டியதில்லை. நானும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியை நான் பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதியே வாங்கிவிட்டேன். உங்கள் முதல் பதில் வந்த இரண்டாம் நாள். சிவப்பு நிறம், காற்றடித்த டயர், முன் சக்கரம் திரும்பவும் செய்யும், வேண்டுமென்றால் பூட்டவும் முடியும், பிரேக் கையிலும் உண்டு காலிலும் உண்டு. எதிலும் போகும் என்று பார்த்து வாங்கினேன். அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாக் கேள்வியும் பொய். வளைவு எங்கே, பாசி எங்கே என்று எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. நீங்கள் படி படியாக எழுதுவதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி வாங்கியாச்சு என்றால் நீங்கள் பாதையை எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன்.

கஜனிக்கு முப்பதாம் நாள் கல் வைக்கவில்லை. பிந்திவிட்டது, ஆனாலும் வைக்க வேண்டும். ஆற்றில் கல் பார்த்து வையுங்கள். அப்பன்காரன் நான்தான் சுமப்பேன்.

வேலாயிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வந்து சொல்கிறேன்.
தம்பி அழகன்

பழைய ஸ்டோர்
26.08.2003

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கனடாவுக்குப் போட நாள் போதாது. மர்சூக் நானாவிடம் கொடுத்து வைக்கிறேன். பஸ் அவர் கடை வாசலில்தான் நிற்கும். பிள்ளைக்குச் சுடுதண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து வாசி. பிரயாணத்தில் ஊர்மிளாவுக்கும் பிள்ளைக்கும் சுகக்கேடு ஒன்றும் வரவில்லையே?

வாங்கி வைத்த வண்டிக்கா என்னிடம் மூன்று மாதம் அளவு கேட்டாய்? கள்ளப்பயலே! உன் மச்சானிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து, விட்டுப்போன இருமல் திரும்ப வந்துவிட்டது.

போன கிழமை நம் ஆட்கள் சரிவில் விறகு பொறுக்கப் போன இடத்தில் ஒரு படிக்கல் கிடைத்தது. நாலு பேர் உருட்டிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். யாருடையது என்று ஒரே சண்டை. உன் மச்சான் அது தன் தங்கச்சியுடையது என்கிறார். இன்னொருத்தர் முதல் ஆறில் ஒன்று என்கிறார். வேலாயி மட்டும் கிட்டே வந்தாள். குந்திக்கொண்டு அந்தக் கல்லின் மேலே கையை வைத்தாள், எடுக்கவே இல்லை. கடைசியில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் நான்தானே. நான் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, “முப்பத்தெட்டு. நல்லமுத்துவோடது” என்றேன். பொய்தான், தம்பி. மண்ணுக்குள்ளே ஒன்பது மாதம் கிடந்த கல்லில் எனக்கு என்ன தெரியும்? இதை உன்னோடு வைத்துக்கொள்.

அதை நம் காம்பராவுக்கும் வேலாயி காம்பராவுக்கும் பொது வாசலில் படியாகப் பதித்துவிட்டோம். கஜனியின் கல்லுக்கு ஆற்றில் ஒன்று பார்த்து, அடையாளத்துக்குச் சுண்ணாம்பு பூசி வைத்திருக்கிறேன். நல்ல தட்டைக் கல். பெண் பிள்ளைக்குத் தேடித் தேடி எடுத்தேன்.

ஆகவே உன் வண்டி முப்பது எட்டும் ஓடி வந்து, வாசலில் அந்த ஒரு படியில் முட்டி நிற்கும். ஒரு பக்கம் நீ பிடி. மறுபக்கம் பிடிக்க ஆள் இருக்கிறது. நானும் மச்சானும் பிடிக்கிறோம் என்றுதான் சொன்னேன், வேலாயி விடவில்லை. “அவருக்குன்னு சொன்ன வேல தானேக்கா, நான் தூக்குறேன்” என்கிறாள்.

சீக்கிரம் வா.
அக்கா மீனம்மா